பெரம்பலூர் பனிக்கு இன்ஜின் நடுங்காது

மார்கழியில் விடிகாலை ஐந்து மணிக்கே அரியலூரின் லாரி நிறுத்தங்களில் உறுமல் தொடங்கிவிடும். டிரைவர் செல்ஃப் அடிப்பார். இன்ஜின் பிடித்ததும் நியூட்ரலில் ஓடவிட்டுவிட்டு இறங்கிவிடுவார். பல் துலக்கி, முகம் கழுவி, டீக்கடையில் ஒரு டீயைக் குடித்து, பேப்பரில் தலைப்புச் செய்திகளைப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வர அரைமணி நேரம் ஆகும். அதுவரை வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “பனிக்காலம் சார். இன்ஜின் சூடாகட்டும்.”

பெரம்பலூர்ப் பக்கம் போனால் இதே காட்சியை வேறு வண்டிகளில் பார்க்கலாம். பள்ளி, கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக நின்று புகை விடுகின்றன. கரும்பு அரவைக் காலத்தில் எறையூர்ச் சாலையில் பாரத்தோடு காத்திருக்கும் டிராக்டர்களில் சில, “ஆஃப் பண்ணினால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ” என்ற பயத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. மார்கழியில் தொடங்கும் இந்தப் பழக்கம் தை பிறந்ததும் நிற்பதில்லை. மாசி, பங்குனி தாண்டி, வெயில் கொளுத்தும் சித்திரையிலும் தொடர்கிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வண்டி என்பது டிரைவருக்குச் சோறு போடும் பொருள். அதன் மேல் அவர் வைத்திருக்கும் அக்கறைதான் அந்த அரைமணி நேரம். ஆனால் அந்த அக்கறை இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை; டீசலாக எரிந்து, தெருவில் நிற்பவர்களின் மூக்கில் ஏறுகிறது. உண்மையிலேயே இன்ஜினைச் சூடாக வைத்திருக்க வேண்டிய சில இடங்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இருக்கின்றன. அங்கே அந்தச் சூடு இருக்கிறதா என்று கேட்பவர்தான் இல்லை.

முதலில் குளிர் இன்ஜினை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினெட்டு மடங்கு சுருக்குகிறது. சுருங்கிய காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. டீசல் பற்றிக்கொள்ள 250 டிகிரியை ஒட்டிய சூடு இருந்தால் போதும் என்பதால், கையில் நிறையவே மிச்சம் இருக்கிறது. கடுங்குளிரில் இந்த மிச்சம் நாலு பக்கமும் பறிபோகிறது. உள்ளே வரும் காற்றே உறைகுளிர்க் காற்று. சுற்றியுள்ள இரும்பு சூட்டை உறிஞ்சிவிடுகிறது. ஆயில் கெட்டிப்பட்டு கிராங்க் திணறித் திணறிச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் சுருங்க வேண்டிய காற்று ரிங் இடுக்கில் கசிந்துவிடும். போதாக்குறைக்குப் பேட்டரியும் பாதி பலத்தில்தான் இருக்கும்.

இந்த நாலும் சேர்ந்து தாக்கும் இடம் லடாக். அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். மார்கழியில் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்பதைப் போல, டீசலில் கலந்திருக்கும் மெழுகு அங்கே பிரிந்து உறைந்து, ஃபில்டரை அடைத்துவிடும். டேங்க்குக்கு அடியில் தீ மூட்டுவது, டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது எனப் பல ஆபத்தான வழிகளை மலைச்சாலை டிரைவர்கள் நம்பியிருந்தார்கள். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடக்கூடிய தனி வகை டீசலை லடாக்குக்கென்று கொண்டுவந்தது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரான அந்த டீசல் லே, கார்கில் பகுதிகளுக்குப் போனது. அப்படிப்பட்ட ஊரில் இன்ஜினை இரவெல்லாம் ஓடவிட்டார்கள் என்றால் அதற்கு அர்த்தம் உண்டு.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் மார்கழி விடியலின் குளிர் என்பது 20 டிகிரியை ஒட்டியது. மனிதனுக்குத்தான் அது போர்வை தேடும் நேரம். லாரிகளில் பொதுவாக ஊற்றப்படும் 15டபிள்யூ-40 ஆயில், மைனஸ் 20 டிகிரியிலும் கிராங்க்கைச் சுற்றவிடும் அளவுக்கு இளகி இருக்க வேண்டும் என்பது அதற்கான தரப் பரிசோதனை. 20டபிள்யூ வகைக்கு அது மைனஸ் 15. இந்தியாவின் சமவெளிகளில் குளிர்காலத்தில் விற்கும் சாதாரண டீசலே 6 டிகிரி வரை ஃபில்டரை அடைக்கக் கூடாது என்கிறது நம் தர நிர்ணயம். ஊட்டியில் தை மாதப் பனியில் புல் வெண்மையாகி, வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் நாட்களில்கூட அரசுப் பேருந்துகள் காலையில் புறப்படத்தான் செய்கின்றன. பெரம்பலூர்ப் பனிக்கு இன்ஜின் நடுங்கும் என்பதை எந்தக் கணக்கும் ஒப்புக்கொள்ளாது.

இதற்கு மெக்கானிக் சாட்சி தேவையில்லை, கிணற்றடிச் சாட்சியே போதும். கரண்ட் பம்ப்செட் பரவுவதற்கு முன்பு, செட்டிகுளம் பக்கத்து வெங்காய வயல்களுக்கும் ஜெயங்கொண்டம் பக்கத்துக் கொல்லைகளுக்கும் தண்ணீர் இறைத்தது 5 குதிரைத்திறன் ஆயில் இன்ஜின். அதில் பேட்டரி கிடையாது, ஹீட்டர் கிடையாது. தலைப்பகுதியில் உள்ள லிவரைத் தூக்கிவிட்டுக் காற்றின் எதிர்ப்பில்லாமல் ஹேண்டிலைச் சுழற்ற வேண்டும். ஃப்ளைவீல் வேகம் பிடித்ததும் லிவரைக் கீழே விட வேண்டும். ‘டுக்’ என்று ஓர் அடி, பிறகு டுக்-டுக்-டுக் என்று ஓட்டம். மார்கழி விடியலிலும் அது அப்படித்தான் பிடித்தது. பிடிக்காமல் அடம்பிடித்த இன்ஜின், பெரும்பாலும் ரிங் தேய்ந்த இன்ஜினாக இருக்கும். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டால் ரிங் இடுக்கு அடைபட்டு, கம்ப்ரஷன் ஏறி, இன்ஜின் பிடித்துவிடும். கோளாறு குளிரில் இருக்கவில்லை, தேய்மானத்தில் இருந்தது. இந்த வட்டாரத்து மூத்த விவசாயிகளுக்கு இது கைப்பழக்கமாகத் தெரியும்.

அப்படியானால் மார்கழியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்துகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. அதன் காரணம் சித்திரையில் இருக்கிறது.

ஈய-அமில பேட்டரிக்கு வெயில்தான் எமன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர்கள் இவை. சுண்ணாம்புக் குவாரிகளின் வெண்தூசி பறக்கும் வெட்டவெளியில், மேல்மூடி கழன்ற பேட்டரிப் பெட்டியோடு நாள் முழுக்க நிற்கும் லாரிக்குள் சூடு இன்னும் அதிகம். செல்லில் உள்ள தண்ணீர் ஆவியாகிறது. பிளேட் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. உள்ளே கம்பிவலை அரித்துப்போகிறது. வெயில் காலத்தில் இந்தச் சேதம் வெளியே தெரியாது. சூடான இன்ஜின் லேசாகச் சுற்றிக்கொடுத்துவிடும், சொற்ப சார்ஜிலும் பிடித்துவிடும். மார்கழி விடியலில் ஆயில் கொஞ்சம் கனத்து, செல்ஃப்புக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும்போது, கோடையில் இழந்த பலத்தின் கணக்கு வெளியே வருகிறது. செல்ஃப் ‘இழுவையாக’ இழுக்கிறது. டிரைவர் பனியைத் திட்டுகிறார்.

இந்தப் பேட்டரியோடு வாழப் பழகியவர்கள் கண்டுபிடித்த உபாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ராத்திரி வண்டியை இறக்கத்தில் நிறுத்துவது. காலையில் கிளீனர் தம்பிகளும் டீக்கடைக்காரரும் சேர்ந்து ‘தள்ளு ஸ்டார்ட்’ கொடுப்பது. அதுவும் முடியாத இடத்தில் இன்ஜினை அணைக்காமலே விட்டுவிடுவது. இப்படித்தான் ஒரு பேட்டரியின் கோளாறு அரைமணி நேர ஐடிலிங் என்ற ஊர் வழக்கமாக மாறுகிறது.

கணக்குப் போட்டால் நஷ்டம் தெரியும். நின்ற இடத்தில் ஓடும் பெரிய லாரி இன்ஜின் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் டீசல் குடிக்கும். அரைமணிக்கு 1 லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்ளலாம். மாதம் 25 நாள், வருடம் 300 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் இது 27,000 ரூபாய். ஒற்றை லாரி வைத்துக்கொண்டு மாதத் தவணை கட்டும் உரிமையாளருக்கு இது சிறிய தொகையா? பேட்டரி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டரும் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரும் போதும். முழு சார்ஜில் உள்ள செல்லில் அமிலத்தின் அடர்த்தி 1.26 முதல் 1.28 வரை காட்ட வேண்டும். ஆறு செல்லில் ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அந்த பேட்டரி அடுத்த குளிர்காலத்தைத் தாண்டாது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவி இறுக்கினாலே பாதி வண்டிகள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும்.

டிரைவர்கள் சொல்லும் இன்னொரு காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. “ஏர் ஏறணும்ல?” லாரிக்கும் பேருந்துக்கும் பிரேக் பிடிப்பது காற்று அழுத்தத்தில். இன்ஜின் ஓடி, கம்ப்ரஸர் காற்றை ஏற்றி, மீட்டரில் முள் மேலே வந்து, எச்சரிக்கை பஸர் நின்ற பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். அதில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் ஒழுங்கான வண்டியில் இதற்குச் சில நிமிடங்களே ஆகும். பத்து, பதினைந்து நிமிடம் ஆகிறது என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று முழுக்க எங்கோ கசிந்திருக்கிறது என்று பொருள். இன்ஜினை அணைத்துவிட்டு, சத்தமில்லாத இடத்தில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் ‘புஸ்ஸ்’ என்ற சன்னமான ஒலி காட்டிக்கொடுத்துவிடும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம் தெரியும். பிரேக் லைனில் கசிவோடு முழுப்பாரம் ஏற்றிய லாரி சாலைக்கு வருவது, அரைமணி நேர டீசலைவிடப் பெரிய விஷயம். பாரம் ஏற்றிய லாரிகளுக்குப் பயந்தே சைக்கிள் ஓட்டும் அரியலூர் மக்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓடவிட்டால் இன்ஜினுக்கு நல்லதாவது நடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பாரமில்லாமல் நிற்கும் டீசல் இன்ஜின் சூடேறவே நேரமாகும், ஏனென்றால் அதற்குள் எரியும் டீசல் அவ்வளவு சொற்பம். அரைகுறையாக எரிந்த டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டுக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. நாஸிலில் கரி படிகிறது. நின்ற வண்டியில் கியர்பாக்ஸ் ஆயிலோ, ஹவுசிங் ஆயிலோ, டயரோ சூடாவதில்லை. அவை ஓடினால்தான் சூடாகும். இதைவிட மோசமானது, ஸ்டார்ட் ஆனவுடனே ஆக்சிலரேட்டரை மிதித்து உறும விடுவது. டர்போவின் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்வதற்குள் அது நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றில் உலர்ந்தபடி சுழலும். இன்ஜின் பிடித்து, ஆயில் விளக்கு அணைந்து, ஏர் ஏறியதும் மெதுவாகப் புறப்பட்டு, முதல் சில கிலோமீட்டரை ரேஸ் கொடுக்காமல் ஓட்டுவதுதான் இன்ஜினுக்குச் செய்யும் உபகாரம். ஹீட்டர் பிளக் உள்ள ஜீப்பிலும் வேனிலும் அந்த விளக்கு அணையும் வரை சில விநாடி பொறுத்து செல்ஃப் அடித்தால் போதும்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்பனைக்கு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இது இன்னும் கூடுதல் தலைவலி. புகையில் உள்ள கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கும் அமைப்பும் வேலைசெய்ய, சைலன்சருக்குள் போகும் புகை ஏறக்குறைய 200 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். ஐடிலிங்கில் அந்தச் சூடு வராது. ஆக, லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய புது வண்டி, நிற்கும் நேரத்தில் பழைய வண்டியைப் போலவே நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்குகிறது. வடிகட்டியும் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பள்ளி வளாகத்தில், ஓடும் பேருந்தின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போகும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் முகம், சைலன்சர் வாயின் உயரத்தை விட அதிகம் மேலே இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதே பழக்கத்தில் ஊறிக்கிடந்தவைதான். விடுபட முடியும் என்பதற்கு அவைதான் உதாரணமும். ரயில்வேயையே எடுத்துக்கொள்ளலாம். நீராவி இன்ஜின் காலத்தில் ஒரு கொதிகலனை எழுப்பப் பல மணி நேரம் ஆகும் என்பதால் ராத்திரி முழுக்க நெருப்பைக் காத்தார்கள். 1950-களின் இறுதியிலிருந்து அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் டீசல் இன்ஜின்கள் இங்கே வரத் தொடங்கின. அமெரிக்காவில் அந்த வகை இன்ஜின்களின் குளிர்விக்கும் தண்ணீரில் உறையாமல் காக்கும் திரவம் கலப்பதில்லை. பனிக்காலத்தில் அணைத்தால் தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்துவிடும் என்பதால் அங்கே ஓடவிட்டே வைத்திருந்தார்கள். தண்ணீர் உறையாத தென்னிந்தியாவிலும் யார்டுகளில் டீசல் இன்ஜின்கள் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டுதான் நின்றன. இங்கே காரணம் பேட்டரி. அணைத்தால் மீண்டும் எழுப்ப முடியுமா என்ற அதே சந்தேகம்.

ரயில்வே அதைக் கணக்கிட்டுப் பார்த்தது. சும்மா நிற்கும் பெரிய இன்ஜின் மணிக்குச் சுமார் 25 லிட்டர் டீசல் எரித்தது. ஒரு சிறிய துணை இன்ஜினைப் பொருத்தி, நின்றால் பெரிய இன்ஜின் தானாக அணைந்துவிட, துணை இன்ஜின் மட்டும் ஓடி பேட்டரிக்கு சார்ஜும் பிரேக்குக்குக் காற்றும் கொடுக்கும்படி செய்தார்கள். அதன் செலவு மணிக்குச் சுமார் 3 லிட்டர். இன்ஜினை எழுப்பி நகர்த்துவதற்கு வேண்டிய இரண்டு பொருள்கள், அதாவது பேட்டரியும் காற்றும், எப்போதும் தயாராக இருந்தால் சூடு தானாக வந்துவிடும் என்பதை அந்த ஏற்பாடு காட்டுகிறது. அரியலூர் லாரிக்கும் இதே பாடம்தான்.

சரி, உண்மையிலேயே இன்ஜினைச் சூடாக வைத்திருக்க வேண்டிய இடம் எது?

அரசு மருத்துவமனையின் பின்பக்கத்தில், தகரக் கூரைக்கோ இரும்புப் பெட்டிக்கோ உள்ளே நிற்கும் ஜெனரேட்டர். 2022 ஜனவரி 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. வென்டிலேட்டர், பச்சிளம் குழந்தைகள் பிரிவு, அறுவை அரங்கு, டயாலிசிஸ் என மின்சாரம் ஒரு நிமிடம் நின்றாலும் தாங்காத பிரிவுகள் இன்று மாவட்டத் தலைநகருக்கே வந்துவிட்டன. கரண்ட் போனதும் யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் எழுந்து பாரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனை ஜெனரேட்டர்களுக்கான விதி, 10 விநாடிக்குள் பாரத்தை ஏற்க வேண்டும் என்கிறது.

லாரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். லாரியின் டிரைவர் மெதுவாகப் புறப்படலாம். ஜெனரேட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு மாதமாகச் சும்மா நின்ற இன்ஜின் ஒரே மூச்சில் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு ஏறி, அடுத்த நொடி ஒரு கட்டடத்தையே சுமக்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் அந்தத் திடீர் பாரம் விழுந்தால் வெண்புகை கக்கும், வேகம் சரியும், விளக்கு மினுக்கும். சமயத்தில் நின்றும் போகும். அதனால்தான் நல்ல ஜெனரேட்டரில் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும். ஒரு ஹோஸ் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், சூடாகி இன்னொரு ஹோஸ் வழியாக மேலே ஏறி இன்ஜினைச் சுற்றும்; பம்ப்கூட வேண்டாம். அந்த அமெரிக்க விதி, இன்ஜின் தண்ணீர் எப்போதும் 32 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது. பெரம்பலூரின் வைகாசிப் பகலில் அந்தச் சூடு சும்மாவே கிடைக்கும். மார்கழி ராத்திரியில் கிடைக்காது.

அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் கரண்ட் நீண்ட நேரம் போகும் காலம் எது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வடகிழக்குப் பருவமழைக் காலம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வேண்டியிருக்கும் மாதங்களும் அது குளிர்ந்து கிடக்கும் மாதங்களும் நமக்கு ஒன்றுதான்.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பொறியாளர் தேவையில்லை. காலையில் போய் இன்ஜின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சில்லென்று இருந்தால் ஹீட்டர் எரிந்துபோயிருக்கிறது, அல்லது ‘கரண்ட் பில் மிச்சம்’ என்று யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை பேட்டரியால்தான் படுக்கின்றன என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். வாரா வாரம் ஐந்து நிமிடம் பாரமில்லாமல் ஓட்டிவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது; அது லாரியின் ஐடிலிங்கைப் போலவே கரியைத்தான் படிய வைக்கும். மாதம் ஒரு முறை, மருத்துவமனையின் உண்மையான பாரத்தை, ஜெனரேட்டரின் திறனில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது வரும்படி ஏற்றி, அரைமணி நேரம் ஓட்ட வேண்டும். லாரி நிறுத்தத்தில் வீணாகும் அந்த அரைமணி நேரம் இருக்க வேண்டிய இடம் இது.

அரியலூரிலேயே இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சிமென்ட் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள். சுண்ணாம்புக்கல் கிளிங்கராக மாற உருளைச் சூளைக்குள் 1,450 டிகிரி வேண்டும். அணைந்த சூளையை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் உள்ளே பதித்த தீச்செங்கல் விரிசல் விடும். கரண்ட் போய்ச் சூளை சுழலாமல் நின்றால் அதைவிட ஆபத்து. பல மீட்டர் நீளமுள்ள சூடேறிய எஃகு உருளை தன் பாரத்திலேயே வளைந்துவிடும். அதனால் அதை மெதுவாகவாவது சுழற்றிக்கொண்டே இருக்க ஒரு துணை இயக்கியும், அதற்கு டீசல் இன்ஜினோ தனி ஜெனரேட்டரோ தயாராக இருக்கும். அந்த இன்ஜின் கூப்பிட்ட நொடியில் எழ வேண்டும் என்பதில் ஆலைக்காரர்கள் சமரசம் செய்வதில்லை. எழாவிட்டால் நஷ்டம் கோடிகளில். மருத்துவமனையின் ஜெனரேட்டருக்கு இதைவிடக் குறைந்த அக்கறை போதும் என்று யாராலும் வாதாட முடியாது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பள்ளிப் பேருந்துகளுக்கென்று 2012-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சிறப்பு விதிகளின்படி, பள்ளி திறப்பதற்கு முன்பு ஒவ்வொரு மாவட்டத்திலும் பேருந்துகளை வரிசையில் நிறுத்தி அதிகாரிகள் ஆய்வு செய்கிறார்கள். அவசர வழி, முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலோடு மூன்றே கேள்விகளைச் சேர்க்கலாம்: பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் சரியாக இருக்கிறதா, இன்ஜினை அணைத்த பிறகு ஏர் மீட்டர் முள் எவ்வளவு நேரம் நிற்கிறது, அணைத்த வண்டி உடனே மறுபடி பிடிக்கிறதா. இந்த மூன்றிலும் தேறும் பேருந்தை வளாகத்துக்குள் ஓடவிட்டு நிறுத்த டிரைவருக்கு எந்தக் காரணமும் இருக்காது. பள்ளி வாசலில் ‘இன்ஜினை அணைக்கவும்’ என்று ஒரு பலகை வைப்பதைத் தலைமை ஆசிரியர்களே முடிவு செய்யலாம்.

லாரி உரிமையாளர் சங்கங்கள் கார்த்திகை மாதத்திலேயே பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஏர் கசிவு மூன்றையும் பார்க்க ஒரு முகாம் நடத்தலாம். டிரைவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பழைய பேட்டரியைக் கையில் கொடுத்துவிட்டு, ஐடிலிங் கூடாது என்று சொல்ல உரிமையாளருக்குத் தகுதி கிடையாது. அணைத்தால் பிடிக்கும் என்ற நம்பிக்கையை வண்டி கொடுத்தால், அணைப்பதற்கு டிரைவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மருத்துவமனைகளுக்கு ஒரு கோரிக்கை. ஜெனரேட்டரைக் கடைசியாகப் பாரத்தோடு ஓட்டிப் பார்த்த தேதி, அது எத்தனை விநாடியில் பாரம் ஏற்றது, ஹீட்டர் வேலை செய்கிறதா, பேட்டரி எப்போது மாற்றியது ஆகிய நாலு வரிகளை அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாம் வெளிநோயாளிகள் பிரிவின் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்ட நிர்வாகங்கள் வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாட்டுக் கூட்டத்திலேயே இதைக் கேட்டு வாங்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, தனி நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. ஓர் உத்தரவு போதும், அதை இந்த ஐப்பசிக்குள் பிறப்பிக்க வேண்டும்.